ஒரு வாய் நன்மை

காபி என் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. முதல் அறிகுறி அதுதான்.

மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் படுக்கை விரிப்பு வாங்கிவிட்டு, நானும் என் மனைவி செலினும் ஓர் ஓட்டலில் உட்கார்ந்திருந்தோம். காலையிலிருந்தே தலை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்தேன். காபியை ஒரு வாய் உறிஞ்சினேன். அது தொண்டையில் இறங்காமல் நின்று, மூக்கில் ஏறி, சட்டையில் வழிந்தது. கொதிக்கக் கொதிக்க வந்த காபி. ஆனால் முகத்தின் இடது பக்கத்தில் அந்தச் சூடு எனக்குத் தெரியவே இல்லை.

"மெதுவா குடிச்சா என்னங்க? காபி எங்கயும் ஓடிப்போகாது," என்றாள் செலின்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. அவள் முகம் மாறியது. விரிப்புகளை மேசையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

மூக்கில் குழாயோடு படுத்திருப்பவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. வீடு காட்டூரில். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பற்றவைத்த குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எண்ணுவதும் அளப்பதும் சந்தேகப்படுவதும் வேலையோடு ஓய்வு பெறவில்லை. மாடிப்படி, மாத்திரை, கோயிலில் எரியும் மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எண்ணுவேன். செலின் இதைக் கெட்ட பழக்கம் என்பாள். எண்ணாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவர், மூளைத் தண்டில் (மூளையையும் முதுகுத் தண்டையும் இணைக்கும் பகுதி) ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்திருப்பதாகச் சொன்னார்.

"கை கால் போகல, அது ஒரு நல்லது. ஆனா விழுங்கறதுக்கான நரம்பெல்லாம் அந்த எடத்துலதான் சார் இருக்கு."

"எத்தனை சதவீதம் திரும்ப வரும் டாக்டர்?"

"சதவீதம் கேக்காதீங்க. நெறைய பேருக்கு வருது. சில பேருக்கு வர்றதில்ல. நீங்க எந்தப் பக்கம்னு உங்க தொண்டைதான் சொல்லணும்."

அன்று மாலையே ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாய்) போட்டார்கள். கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது: வாய்வழி எதுவும் கூடாது.

சாப்பிட முடியாதது கூடப் பெரிதில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. அதுவரை எச்சில் என்ற ஒன்றைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. இப்போது அது ஊறிக்கொண்டே இருந்தது. துணியில் துப்பிக்கொண்டே இருந்தேன். கண்ணயர்ந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமோ என்று பயந்து, பகலில்கூடக் கண்ணை மூடவில்லை.

அதோடு விக்கல். இந்த வகை அடைப்பில் அது வருவதுண்டாம். நிற்காத விக்கல். செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டு மணியை உருட்டுவதற்குள் ஒரு விக்கல் குறுக்கே வந்து எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

"யாருங்க உங்கள இப்படி விடாம நினைக்கிறது? நான்கூட இவ்வளவு நினைக்கலையே," என்றாள் செலின். சிரித்தால் எச்சில் புரையேறும் என்பதால் நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் ரங்கநாயகி வந்தாள். பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி கொடுப்பவள். ஸ்ரீரங்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். என் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து, விழுங்கச் சொன்னாள். ஒன்றும் நகரவில்லை.

"இடது பக்கம் தூங்கறது சார். எழுப்பிப் பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில போகப்படாது. கெட்டியா இருக்கறதவிடத் தண்ணிதான் ஆபத்து. ஓடிடும்."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

நான் தலையாட்டினேன். செலினும் தலையாட்டினாள். இருவருமே கீழ்ப்படிகிறவர்கள்தான். ஆனாலும் தவறு நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த வாரம் மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். பூசையில் நாங்கள் பெறும் அப்பத்தை, காகிதம் போன்ற அந்த மெல்லிய கோதுமை வில்லையை, எங்கள் பக்கத்தில் 'நன்மை' என்போம். நன்மை வாங்குவது என்றால் ஆண்டவரையே உட்கொள்வது. தொடர்ந்து ஒன்பது முதல் வெள்ளிகள் நன்மை வாங்கினால் நல்ல மரணத்துக்கான அருள் கிடைக்கும் என்பது பழைய பக்தி வழக்கம். பலர் ஒன்பதோடு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தவில்லை. அந்த ஒன்பதில் ஏதாவது ஒன்று செல்லாமல் போயிருந்தால்? ஆய்வுப் பிரிவில் ஒரு குழாய்க்கு ஒரு சோதனையோடு விடுவதில்லை. ஆகவே வருடக்கணக்காக ஒரு முதல் வெள்ளியைக்கூட விட்டதில்லை.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவரும் சிஸ்டர் அன்று காலை வந்தார். குழாயைப் பார்த்துத் தயங்கினார்.

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"சாப்பாடுதான் சிஸ்டர் கூடாதுன்னாங்க," என்றாள் செலின்.

"நன்மை சாப்பாடு இல்லையே," என்றேன் நான், என் தண்ணீர்க் குரலில். சிஸ்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் சொன்னதை அவர் நம்பினார்.

முழு வில்லையை வாங்கினேன். அது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளியும் நகரவில்லை. சிஸ்டர் போன பிறகு செலின் ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். நன்மை வாங்கிய வாயில் தண்ணீர் விடுவது எல்லா வீட்டிலும் செய்வதுதான். வில்லை கரைந்து போனது. இருமல் வரவில்லை. நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். ஐந்து நாட்களில் அன்றுதான் பயமில்லாமல் தூங்கினேன்.

இருமல் வராததுதான் கெட்ட செய்தி என்று எனக்கு அப்போது தெரியாது. என் தொண்டையில் உணர்ச்சியே இல்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் போனாலும் அது எனக்குச் சொல்லாது.

மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப் பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா (நுரையீரல் அழற்சி). மருத்துவர் செலினைப் பார்த்துக் கேட்டார்.

"வாயில ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர்."

"தண்ணி? காபி? ஆசைப்பட்டாருன்னு கொஞ்சம் கஞ்சி?"

"சத்தியமா இல்ல டாக்டர். மாதா மேல ஆணையா."

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள். ஏதாவது என்று மருத்துவர் கேட்ட பட்டியலில் நன்மை வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன்.

ரங்கநாயகிதான் கண்டுபிடித்தாள். மருத்துவர் போன பிறகு செலினின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அம்மா, நான் வேற மாதிரி கேக்கறேன். எங்க ஊர்ல ஏதாவது குடுத்தேளான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டா. தீர்த்தம் குடுத்தேளான்னு கேட்டா, அதுவா, அது குடுத்தோமேம்பா. அப்படி ஏதாவது?"

செலின் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை நன்மை வாங்கினாரு."

"நன்மையா? என்ன நன்மை?"

"நன்மைங்க. சிஸ்டர் கொண்டுவந்தாங்க."

"அது வாயில போடறதா?"

"வாயிலதான். அப்புறம் ஒட்டிக்கிச்சுன்னு ஒரு கரண்டி…" அங்கே நிறுத்தினாள். சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.

ரங்கநாயகி திட்டவில்லை. "தினமும் எச்சிலும்தான் உள்ள போயிண்டிருக்கு. எதால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க அழாதீங்கோ," என்றாள். அவள் சொன்னது மருத்துவ ரீதியாகச் சரிதான். ஆனால் எனக்குத் தீர்வான விடை வேண்டும். எதனால் என்று தெரியாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது.

இதைப் படிக்கும் உதவியாளர்களுக்குச் சொல்கிறேன்: வாய்வழி எதுவும் கூடாது என்றால் நன்மை, தீர்த்தம், விபூதி, பள்ளிவாசல் தண்ணீர், மாத்திரை, ஒரு துளி தேன், எதுவும் கூடாது. புனிதமானது நுரையீரலுக்கு வழி கேட்டுக்கொண்டு போவதில்லை.

என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. அங்கே ஓர் எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆண்டவரை உட்கொள்கிறேன் என்று நம்பித்தான் வாங்கினேன். அவர் எனக்குள் வழி தவறிப் போனார். பார்க்க வரும் நேரத்தில் செலினிடம் முகமூடியை விலக்கிச் சொன்னேன்.

"ஆண்டவரை நுரையீரலுக்குள்ள அனுப்பிட்டேன், செலின்."

அவள் முகமூடியைத் திரும்ப மாட்டினாள். "அங்கயும் அவருக்கு ஏதாவது வேல இருந்திருக்கும். நீங்க மூச்சு விடுங்க."

அந்த நாட்களில் நான் செபிக்கவில்லை. முடியவில்லை. செபமாலையை எடுத்தால் எந்த மணியில் இருக்கிறேன் என்பது நினைவில் நிற்கவில்லை. கத்தோலிக்கர்கள் நாள்தோறும் சொல்லும் மாதா செபத்தின் முதல் சொல் 'அருள்'. ஐம்பத்து மூன்று மணி செபம் என்று பெயரே இருக்கிறது. அத்தனை முறையும் அந்தச் சொல்லைச் சொல்கிறோம். நான் ஐம்பத்து மூன்றைத்தான் கவனித்து வந்தேன். என் சிறு வயதுச் செபத்தில் அந்த இடத்தில் 'பிரியதத்தம்' என்ற பழைய சொல் இருந்தது. பிரியத்தினால் கொடுத்தது என்று பொருள். கூலி என்ற பொருள் அதில் எந்த மூலையிலும் இல்லை. அது எனக்கு அந்தக் கட்டிலில் ஆறுதலாகப் படவில்லை. பயமாக இருந்தது. கூலியென்றால் கேட்டு வாங்கலாம். பிரியத்தினால் கொடுப்பதை எப்படிக் கேட்பது? கொடுக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

காய்ச்சல் இறங்கி, வார்டுக்குத் திரும்பிய அன்று மருத்துவர் சொன்னார்: இன்னும் இரண்டு வாரத்தில் கேமரா பரிசோதனை. அதிலும் தேறாவிட்டால் பெக் குழாய் (வயிற்றுச் சுவரில் சிறு துளை போட்டு நேராக இரைப்பையில் பொருத்துவது). "அது ஒண்ணும் தண்டனை இல்ல சார். பத்திரமான வழி," என்றார். அது உண்மை. பெக் குழாயோடு நல்லபடி வாழ்பவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு அது கதவைச் சாத்துவதுபோல இருந்தது. இனி வாய் பேசுவதற்கு மட்டும். இனி நன்மை கிடையாது.

ஆகவே உழைத்தேன். ரங்கநாயகி கொடுத்த பயிற்சிகளை, நாக்கைப் பல்லில் வைத்துக் கடித்தபடி விழுங்குவது, படுத்தபடி தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, அவள் சொன்னதற்கு இரண்டு மடங்கு செய்தேன். மூன்று மடங்கும் செய்தேன். நான்காம் நாள் அவள் கழுத்தில் விரல் வைத்தபோது வார்டுக்குத் திரும்பிய நாளில் லேசாகத் தெரிந்த அசைவும் இல்லை.

"எவ்வளவு பண்ணினேள்?"

சொன்னேன்.

"சார், கூடப் பண்ணினா சீக்கிரம் வந்துடாது. தசை களைச்சுப் போயிடும். விழுங்கறதுல வாயில இருக்கறவரைக்கும்தான் உங்க காரியம். தொண்டைக்கு வந்துடுத்துன்னா அதுவா நடக்கணும். அங்க நீங்க பிடிச்சு இழுக்க முடியாது. இன்னிக்கு லீவு. ஒண்ணும் பண்ணாதீங்கோ."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குத் தெரியாத வேலை. அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். செலின் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியைக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சி கண்ணுக்கு முன்னால் இறங்கியது. நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிறு மட்டும் நிறைந்தது.

"ஒருவேளைச் சாப்பாட்டோட ஒருசந்தி இருந்தேன், பூசை தவறல, முதல் வெள்ளி தவறல. அதுக்கெல்லாம் கணக்கே இல்லையா செலின்?"

"யாரு கேட்டா உங்ககிட்ட கணக்கு?" அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த ஒரு மாசமா ஆறு வேளையும் வாங்கிட்டுப் படுத்திருக்கீங்க. எந்த வேளைக்கு நீங்க என்ன செஞ்சீங்க? கையக்கூட நீட்டல. ஊத்துறேன், போகுது. பேசாம இருங்க, காத்து ஏறிடும்."

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். அவளுக்கும் தூக்கமில்லை. நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேளைக் கஞ்சி இறங்கி முடியும்வரை எதையும் எண்ணவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பரிசோதனை நாளன்று மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டார்கள். பச்சை நிறம் கலந்த கெட்டிக் கஞ்சி ஒரு கரண்டி. திரையில் என் தொண்டை ஈரமான சிவப்புக் குகைபோலத் தெரிந்தது. ரங்கநாயகி கரண்டியை என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"இடது பக்கமா திரும்புங்கோ. தாடையை நெஞ்சுக்குக் கொண்டு வாங்கோ. அவ்வளவுதான். அப்புறம் விட்டுடுங்கோ."

திரும்பினேன். குனிந்தேன். விட்டேன். திரை ஒரு கணம் வெள்ளையாகி, மறுபடி தெளிந்தது. பச்சை எங்கேயும் இல்லை. பக்கத்தில் நின்ற மருத்துவர் குனிந்து பார்த்தார். "போயிடுச்சு," என்றார்.

தண்ணீரில் தோற்றேன். அது பச்சைக் கோடாக மூச்சுக்குழாயின் வாசலில் வழிந்தது. கெட்டியானதை மட்டும் விழுங்கலாம், அதுவும் இடது பக்கம் திரும்பி, தலை குனிந்து. பெக் குழாய் தள்ளி வைக்கப்பட்டது. ரத்து செய்யப்படவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அவரைச் சலிப்படைய வைத்தேன்.

காட்டூருக்கு வந்தபோது மூக்குக் குழாயும் கூடவே வந்தது. நாளுக்குச் சில கரண்டிகள் மட்டும் வாயால். நன்மை வாங்கலாமா என்று ரங்கநாயகியிடம் கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது செலின் கேட்டாள்.

"பிரசாதம் ஆகறதுக்கு முன்னாடி இருக்குமே, அது ஒண்ணு கொண்டு வாங்கோ, பார்க்கறேன்," என்றாள் அவள்.

சிஸ்டர் பூசையில் இன்னும் அர்ச்சிக்கப்படாத ஒரு வில்லையைக் கொடுத்தனுப்பினார். ரங்கநாயகி அதில் ஒரு துண்டைக் கிள்ளி, மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரில் போட்டு, கரண்டியால் அழுத்தி, அது குழையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதுல கால்வாசிக்கும் கம்மி. இந்தப் பதத்துல," என்றாள். எவ்வளவு சிறிய துகளானாலும் அதில் முழு ஆண்டவர் இருக்கிறார் என்று பங்குத் தந்தை சொன்னார். மறைக்கல்வியில் எனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் நம்பினேனா என்பது இப்போதுதான் சோதனைக்கு வந்தது. முன்பெல்லாம் வில்லையின் ஓரம் சற்று உடைந்திருந்தால்கூட எனக்கு மனம் ஒப்பாது.

கோயிலுக்குப் போய், அந்தப் பதத்தில் கரண்டியில் வாங்கினேன். பீடத்தைப் பார்க்காமல் இடது பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தேன். அது இறங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் நரம்பு இன்னும் திரும்பவில்லை. வாங்கினேன் என்பது மட்டும் தெரியும்.

இப்போது மூக்குக் குழாய் இல்லை. மூன்று வேளையும் வாயால்தான். விழுங்கிய பிறகு 'ஆ' என்று குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். குரல் தெளிவாக வந்தால் சரியான வழியில் போயிருக்கிறது, கொழகொழவென்று வந்தால் தொண்டையில் தங்கியிருக்கிறது. இது ரங்கநாயகியின் விதி. ஒருநாள் செலின், "வெறும் ஆ எதுக்குங்க? ஆரம்பிச்சதுதான் ஆரம்பிச்சீங்க, முழுசா ஆமென்னே சொல்லிடுங்க," என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அடைப்பு முகத்தில் இடது பக்கத்தையும் உடம்பில் வலது பக்கத்தையும் தொட்டதால், என் வலது கைக்கு இன்னமும் சூடு தெரியாது. சாதம் ஆறிவிட்டதா என்று இடது கையால் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் ஆகிறது. முன்பு அந்த நேரத்தில் சாப்பிட்டு, செய்தித்தாள் படித்து, பாதி செபமாலையும் முடித்திருப்பேன். இப்போது என் நாள் ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்வரைதான் நீள்கிறது. போன வாய் இறங்கியது என்பது இந்த வாய்க்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது. வாயிலிருக்கும்வரை மெல்கிறேன். திரும்புகிறேன். குனிகிறேன். பிறகு விட்டுவிடுகிறேன்.

"ஆமென்," என்கிறேன்.

செலின் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். நானும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ம். தெளிவா இருக்கு," என்கிறாள். அடுத்த கரண்டியை எடுக்கிறேன்.